கை தவறி உடைந்தவை

ஏப்ரல் 12, வெள்ளி

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. குமுதா போனில் சொன்னபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றாமல் "என்னது? என்னது?" என்று மூன்று தடவை கத்தினேன். நாலாவது தடவை அவளும் கத்தினாள். "இல்லக்கா! கிருமி இல்ல! முதல்ல மிஷினை நிறுத்துங்க!"

குமுதா அரசு ஆஸ்பத்திரி காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பிப்ரவரியில் எனக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வந்து மாத்திரைகளைப் பார்த்துவிட்டுப் போவாள். இன்று அறுபத்தோராவது நாள். ஆகஸ்ட் வரை ஒரு நாள் விடாமல் போட வேண்டும். ஆனால் இனி என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. மகள் அஞ்சு என் அறையில் படுக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை, இரண்டு மாதமாக மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் தனியாகப் படுத்திருந்தாள். மத்தியானமே பாயையும் தலையணையையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அஞ்சலினை நான் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தொழில் ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி செய்வது. கண்ணாடி வெட்டும் பெரிய மேஜையின் ஒரு முனையில் என் வேலை, மறுமுனையில் அவள் பாடம். கணவர் பென்னிக்கு நெய்வேலியில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். அவருடைய அக்கா ஜான்சி திண்டுக்கல்லில் டீச்சர், பள்ளி விடுதியும் அவர் பொறுப்பில். எனக்கு நோய் என்றதும் "பிள்ளையை முதல்ல இங்க அனுப்பு" என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். என் உடம்பு தேறிக்கொண்டே வந்தால் அஞ்சு திருச்சியில் என்னோடு இருப்பாள். நடுவில் வேறு ஏதாவது வந்தால் ஜூன் மாதம் திண்டுக்கல் விடுதி.

ஃப்ரிட்ஜில் குமுதா ஒட்டிவிட்டுப் போன தாள் இருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள். வாந்தி, மஞ்சள் காமாலை, கை கால் மரத்துப்போவது, பார்வையில் மாற்றம் என்றால் உடனே சொல்லுங்கள். இதுவரை ஆரஞ்சு மட்டும்தான். அந்த 'வேறு ஏதாவது' வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 20, சனி

முசிறியிலிருந்து அரிசி ஆலைக்காரர் பொன்னுரங்கம் வந்திருந்தார். புது வீட்டு மாடிப்படி ஜன்னலுக்கு மாதுளை மரமும் இரண்டு கிளியும் வேண்டுமாம். ஐந்தடி உயரம். ஜூன் ஏழாம் தேதி கிரகப்பிரவேசம்.

"கிளி கிளி மாதிரி இருக்கணும்மா. என் மச்சான் வீட்ல மயில்னு ஒண்ணு வச்சிருக்கான். வர்ற விருந்தாளிங்க எல்லாம் கோழி நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க."

மாஸ்க் இல்லாமல் வெளியாள் ஒருவரிடம் பேசி இரண்டு மாதம் ஆகிறது. எங்கே இருமல் வந்துவிடுமோ என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டே பேசினேன். நோயைப் பற்றிச் சொல்லவில்லை. ஒட்டாத நோயை ஊருக்குத் தம்பட்டம் அடிப்பானேன்.

சாயங்காலத்துக்குள் முழு அளவில் படம் வரைந்து துண்டுகளுக்கு எண் போட்டேன். நூற்று நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் வெட்டி, ஓரம் தேய்த்து, செப்பு டேப் சுற்றி, கடைசியில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அஞ்சுவுக்கு இதுவே இன்றைய கணக்கு.

"இலை அறுபத்து நாலு, பழம் பத்தொன்பது, ரெண்டு கிளிக்கும் சேர்த்து இருபத்தாறு. மீதி வானம் எத்தனை?"

"முப்பத்து மூணு. வானம் கம்மியா இருக்கும்மா. கிளி எங்க பறக்கும்?"

"இது உட்கார்ந்திருக்கிற கிளிடி."

ஏப்ரல் 29, திங்கள்

மாத்திரை எழுபத்தெட்டாம் நாள். இரண்டு முட்டை, சுண்டல், தயிர்சாதம். வேறொன்றும் இல்லை.

மே 4, சனி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கட்டரை அழுத்தும்போது வியர்வை கண்ணாடியில் சொட்டுகிறது. வானம் முப்பத்து மூன்றும் முடிந்தன. அஞ்சு 'தண்ணீர் எப்படி ஆவியாகிறது' என்று ஒரு பக்கம் எழுதினாள். உதாரணத்துக்கு என் நெற்றியைக் குறிப்பிட்டிருக்கிறாள்.

ஜான்சி அக்கா போன் செய்தார்.

"இருமல் இருக்கா?"

"இல்லக்கா."

"எடை?"

"ஒன்றரை கிலோ ஏறியிருக்கு."

"சந்தோஷம். விடுதியில ஒரு கட்டில் பிடிச்சு வச்சிருக்கேன். வேண்டாம்னா மே கடைசிக்குள்ள சொல்லிடு, வேற பிள்ளைக்குக் குடுக்கணும்."

அந்தக் கட்டிலை யாருக்காவது இன்றைக்கே கொடுத்துத் தொலைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அக்கா நல்லவர்தான், பிள்ளைமேல் உயிராக இருக்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மே 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது ஒரு கிலோ தக்காளி வாங்கினேன். பழமாகப் போடு என்று சொல்லியும் அந்த ஆள் பாதி காயாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறான். வீட்டில் கொட்டிப் பார்த்துத் திட்டினேன்.

"எல்லாம் பழமாத்தாம்மா இருக்கு" என்றாள் அஞ்சு.

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. அடிக்கிற வெயிலில் காயாகவே வெந்துவிட்டது போல. ரசம் வைத்தேன், நன்றாகவே இருந்தது.

மே 15, புதன்

நிறம் பார்க்க மேஜைக்கு அடியில் இருக்கிற டியூப்லைட்டை மாற்றினேன். வெளிச்சம் போதவில்லை. சென்னையிலிருந்து வந்த சிவப்புக் கண்ணாடி ஷீட் சேறு மாதிரி மங்கலாக இருக்கிறது. கடைக்காரரைப் பிடித்துக் கேட்டால், "அதே சரக்குதாம்மா, போன மாசம் நீங்களே தேடி வாங்கினது" என்கிறார். வாய் கூசாமல் பேசுகிறார்கள்.

ஒரு நல்ல விஷயம். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது.

மே 17, வெள்ளி

அஞ்சு அலமாரியில் இருக்கிற ஷீட்டுகள் எல்லாவற்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி ப, சி, ம, நீ என்று எழுதி வைத்திருக்கிறாள். கேட்டால் நூலக விளையாட்டாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பதினான்கு வருஷத்தில் நான் நிறத்துக்குப் பெயர் ஒட்டியதே கிடையாது. கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புவதையும் வந்த அன்றே உரித்துப் போட்டுவிடுவேன். பச்சைக்குப் பச்சை என்று எழுதி வைத்துப் பார்க்கிறவளுக்கு இந்தத் தொழில் எதற்கு? இன்றே உரி என்றேன். தலையை ஆட்டினாள். உரிக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் பெரிய கிளியின் மூக்கை எடுத்துப் பார்க்கிறேன் என்று கீழே போட்டு உடைத்தாள். வெட்டித் தேய்த்து முடித்த துண்டு. "கை தவறிடுச்சும்மா" என்றாள். மறுபடி வெட்ட ஷீட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மே 20, திங்கள்

இன்று இரண்டு இலை. மேஜை ஓரத்தில் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது? தரையெல்லாம் சில்லு. பெருக்கி, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவே அரைமணி நேரம். அவள் முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. ஏதோ வேலை முடிந்தவளைப் போல இருந்தாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

வாசிப்பு நேரத்தில் இனி அவளே சத்தமாக வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எழுத்துகள் நடுவில் கலங்கித் தெரிகின்றன. நாற்பது நெருங்கினால் எல்லோருக்கும் வருவதுதான், மூக்குக்கண்ணாடி போட வேண்டும். ஃப்ரிட்ஜ் தாளில் இருப்பது இது இல்லை. அது வேறு. பொன்னுரங்கம் வேலை முடியட்டும், ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

மே 22, புதன்

அடித்துவிட்டேன்.

மாதுளைப் பழத்தில் மூன்று துண்டு. நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை தவறியது மாதிரியே இல்லை. எடுத்தாள், பார்த்தாள், விட்டாள். ஓடிப்போய் முதுகில் ஒன்று வைத்தேன். "என் உழைப்பு உனக்கு விளையாட்டா இருக்கா?" என்று கத்தினேன். அவள் "கை தவறிடுச்சும்மா" என்றாள். அடித்த கை இன்னும் எரிகிறது. சாப்பிடும்போது என் தட்டில் அவளே இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

மே 23, வியாழன்

இரவு முழுக்க யோசித்தேன். பிள்ளை வேண்டுமென்று செய்கிறவள் இல்லை. அவளுக்கும் தினமும் ஒரு தடுப்பு மாத்திரை கொடுக்கிறோம், என்னிடமிருந்து ஒட்டியிருந்தால் தலை தூக்காமல் இருப்பதற்கு. கை மரத்துப்போகும் என்று தாளில் இருக்கிறதே! பிடித்திருப்பதே தெரியாமல்தான் நழுவ விடுகிறாளோ?

காலையில் பொத்தான் போடச் சொன்னேன், போட்டாள். அஞ்சாங்கல் ஆடச் சொன்னேன், என்னைத் தோற்கடித்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னேன், ஒரே தடவையில் கோத்தாள். எனக்கு அது ஐந்து தடவை முயன்றும் வரவில்லை. கையில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அப்படியே விட முடியவில்லை. குமுதாவிடம் சொன்னால் விஷயம் பென்னிக்குப் போகும், பென்னியிடமிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும். பிள்ளைக்கு ஒன்று என்றால் மறைக்க முடியுமா? போன் செய்துவிட்டேன். நாளை வருகிறாள்.

மே 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குமுதா பதினோரு மணிக்கு வந்தாள். அஞ்சுவைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரல் நுனியிலும் பஞ்சால் தொட்டாள். எந்த விரல், எந்த விரல் என்று கேட்டாள். அஞ்சு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.

"கையில ஒண்ணுமில்லக்கா. புள்ள நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையோடு என் சிகிச்சை அட்டையையும் எடுத்தாள். "நீங்க எப்படி? ஆரஞ்சாத்தானே போகுது?"

"அது நின்னு பத்து நாளாச்சு. உடம்பு பழகிடுச்சு போல."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "நிக்காதுக்கா. மாத்திரை உள்ள போற வரைக்கும் அது நிக்காது."

மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளைக் கேட்டாள். செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொட்டினேன். எண்ணிப் பார்த்தாள், கணக்கு சரியாக இருந்தது. அப்போதும் அவள் முகம் மாறவில்லை.

"அட்டை காலியாத்தான் இருக்கு. ஆனா மாத்திரையை வாஷ்பேசின்ல போட்டுட்டு அட்டையைக் காட்டினவங்களையும் நான் பார்த்திருக்கேன். கோபப்பட மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாளா போடல?"

"நான் பொய் சொல்றேங்கறியா?"

"விட்டா கிருமி திரும்ப வரும்க்கா. மருந்துக்கு அடங்காத கிருமியா வரும். புள்ள பக்கத்துல படுக்குது."

நூறு நாளுக்கு மேல் குமட்டலை விழுங்கிக்கொண்டு போட்ட மாத்திரை. வாயைத் திறப்பதற்குள் அஞ்சு எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா தினமும் போடுறாங்க! நான் பார்த்துட்டேதான் இருக்கேன். ஆரஞ்சாத்தான் போகுது. நான்தான் பாத்ரூம் கழுவுறேன், எனக்குத் தெரியும்!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கு ஆரஞ்சு தெரியல ஆன்ட்டி. சிவப்பும் தெரியல, பச்சையும் தெரியல."

குமுதா மேஜையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். நான் அதில் பிளாஸ்திரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

"பச்சை" என்றேன்.

அஞ்சு அழ ஆரம்பித்தாள்.

மே 25, சனி

பென்னி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அஞ்சுவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, கூடவே கூட்டிப்போயிருந்தேன்.

புள்ளிப் புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். புள்ளிகளுக்குள் எண் இருக்கிறதாம். எனக்குப் புள்ளிதான் இருந்தது. பக்கத்தில் அஞ்சு உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டு நின்றாள், எங்கே வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வாரம் இருக்கும் டாக்டர்."

"மே பன்னெண்டு" என்றாள் அஞ்சு. "தக்காளி வாங்கின ஞாயித்துக்கிழமை."

டாக்டர் அவளைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

நான் போடுகிற மூன்று மருந்தில் ஒன்று கண் நரம்பைப் பாதித்திருக்கிறது. சிலருக்கு இப்படி ஆகுமாம். அதை இன்றோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டும் தொடரும், அதனால் நோய் திரும்பாது என்று காசநோய் டாக்டர் போனில் சொன்னார். இதை ஒருவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கண்ணைப் பற்றிச் சொன்னால் மருந்து முழுவதையும் நிறுத்திவிடுவார்கள், கிருமி அஞ்சுவிடம் போய்விடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பார்வை திரும்புமா?" என்று பென்னி கேட்டார்.

"பெரும்பாலும் திரும்பும். சில மாசம் ஆகும். முழுசா வரும்னு இப்ப வாக்குக் குடுக்க முடியாது. ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பென்னி திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

மே 26, ஞாயிறு

பென்னி கடைக்குப் போயிருந்தபோது அஞ்சுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். மொத்தம் ஆறு துண்டு. ஆறுமே நான் நிறம் மாற்றி வெட்டியவை. பச்சை மூக்கு, சிவப்பு இலை, பச்சை மாதுளை.

"உடைச்சா நீ மறுபடி வெட்டுவல்ல? அப்ப நான் சரியான ஷீட்டை எடுத்துத் தருவேன்."

"அடிச்சேனேடி. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா 'வேற ஏதாவது'ன்னு ஆயிடும்ல. திண்டுக்கல் போகணும்ல."

நாங்கள் அந்தப் பேச்சு பேசியது பிப்ரவரியில், கதவை மூடிக்கொண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்ததை நான், பென்னி, அக்கா மூன்று பேரும் மறந்துவிட்டோம்.

"நீயும் அதுக்குத்தானே சொல்லல?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். இந்தப் புத்தகத்தில்கூட நான் அதை எழுதவில்லை.

மே 30, வியாழன்

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நோய், மருந்து, கண், எல்லாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "புள்ளைக்கு நிறம் தெரியுதில்ல? அப்புறம் என்னம்மா, முடிங்க" என்றார்.

நிறத்தை அவள் சொல்கிறாள், நான் வெட்டுகிறேன். சூட்டு இரும்பால் ஈயத்தை உருக்கி ஒட்டும்போது மட்டும் அவளை வெளியே அனுப்பிவிடுவேன், ஈயப் புகை பிள்ளைக்கு ஆகாது. அப்போது ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இரும்பு சூடா இருக்கும்மா, கை, கை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் நடுவில் கலங்கல் அதிகம். சுற்றிலும் தெரிகிறது, நேராகப் பார்ப்பதுதான் தெரியவில்லை.

இன்று அவள் பாடம் எதுவும் படிக்கவில்லை. நேற்றும் இல்லை. நான் அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே வருகிறாள். மாடிப்படி இறங்கினால் முன்னால் ஓடிப்போய் நின்று படிகளை எண்ணிச் சொல்கிறாள்.

ஜூன் 1, சனி

ஜான்சி அக்காவின் கட்டில் கெடு நேற்றோடு முடிந்தது. பென்னி காபி குடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அக்காகிட்ட பேசுங்க. அஞ்சு போகட்டும்."

"அன்னிக்குப் பேசி முடிச்சதுக்காகச் சொல்றியா? அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் ரெஜி. லீவு போடறேன்."

"பேச்சுக்காக இல்லங்க."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேற்று விடியற்காலையில் கண் விழித்தால் அஞ்சு உட்கார்ந்திருக்கிறாள். ஏண்டி தூங்கல என்றால், "நீ தண்ணி குடிக்க எழுந்தா விழுந்துடுவ" என்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குக் காவல் இருக்கிறது. இரண்டு வாரமாக என் தப்பை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, அடியும் வாங்கிக்கொண்டு, என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் இவளை வீட்டில் வைத்துக்கொண்டது பூச்சி பார்க்கவும் வெயிலில் அலையவும் இஷ்டப்பட்டதைப் படிக்கவும்தான். என்னைப் பார்த்துக்கொள்வதற்கு இல்லை. இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன், பென்னியும்தான்.

அக்காவிடம் நானே பேசினேன். கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லையாம். "ஆகஸ்ட்ல உன் மருந்து முடியட்டும், கண்ணு தெளியட்டும். நானே கொண்டுவந்து விடறேன். பிடிச்சு வச்சுக்க மாட்டேன் ரெஜி" என்றார். இவ்வளவு நாளாக இவரைப் பூச்சாண்டியாக நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அஞ்சு மத்தியானம் சோறு வேண்டாம் என்றாள். அப்புறம் வந்து, "நான் சொன்னதாலதானே?" என்று கேட்டாள். இல்லை என்று நூறு தடவை சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஜன்னல் முசிறிக்குப் போய்ச் சேர்ந்து மாட்டியாகிவிட்டது. பொன்னுரங்கத்தின் மனைவி சின்னக் கிளியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாராம், லீவு போட்டுக் கொண்டுபோன பென்னி சொன்னார். நான் போகவில்லை. அஞ்சுவின் பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

திண்டுக்கல் போய்த் திரும்பிவிட்டோம்.

பஸ்ஸில் அவள் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு வந்தாள். நாளைக்குப் பள்ளி திறப்பு, விடுதிப் பிள்ளைகள் இன்றே சீருடையில் வர வேண்டுமாம். ஜான்சி அக்கா சொல்லியிருந்தார், பெற்றோர் கிளம்பும்போது பிள்ளைகள் எல்லோரும் மாடி வராந்தாவில் நின்று கை ஆட்டுவார்கள் என்று. அதை நினைத்துத்தான் வழி முழுக்க எனக்குப் படபடப்பு. கடைசியில் சொல்லியேவிட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரி சட்டைடி. முகம் வேற தெரியாது. எது நீன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அடுத்த ஊர் தாண்டும் வரை யோசித்தாள். "நீ கை ஆட்டுறவங்களைப் பார்க்காத. நான் உட்கார்ந்துக்கறேன்."

"என்னது?"

"எல்லாரும் நிப்பாங்கல்ல. நான் மட்டும் கீழ உட்கார்ந்துக்கறேன். உட்கார்ந்திருக்கறதுதான் நானு."

விடுதியில் கட்டிலைப் பார்த்தோம், தலையணை உறை போட்டுக் கொடுத்தேன். அவளுடைய தடுப்பு மாத்திரையை அக்காவிடம் எண்ணிக் கொடுத்தேன். அஞ்சு அழவில்லை. அழுகிற மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, "நீங்க எந்த வகுப்பு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தார்கள், நாங்கள் முற்றத்துக்கு இறங்கிவிட்டோம்.

திரும்பிப் பார்த்தேன். மாடி முழுக்கக் கைகள். எல்லாம் ஒரே சாம்பல். கண் வேறு தண்ணீர் கட்டிக்கொண்டது. நேராகப் பார்த்தால் தெரியாது என்று முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால், அத்தனை கால்களுக்கும் நடுவில், ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கையை ஆட்டினேன். முற்றத்தில் இருந்த எல்லோரும்தான் ஆட்டினார்கள். அவளை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானும் அந்த மண்ணில் உட்கார்ந்தேன்.

ஜான்சி அக்கா பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன ரெஜி, தலை சுத்துதா? பென்னி, தண்ணி கொண்டா!"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். மாடியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.